நாலா, அஞ்சா?

வானத்தை எட்டுப் பங்காகப் பிரித்து, அதில் எத்தனை பங்கை மேகம் மறைத்திருக்கிறது என்று எழுதுவது. இருபத்தெட்டு வருடம் நான் பார்த்த உத்தியோகத்தில் பாதி இதுதான். வெப்பம், ஈரம், காற்று, அழுத்தம் எல்லாவற்றுக்கும் கருவி இருந்தது. மேகத்துக்கு மட்டும் கண்தான். விமான நிலைய வானிலைப் பிரிவில் அரை மணிக்கு ஒருதரம் வெளியே போய், அண்ணாந்து பார்த்துவிட்டு வந்து எழுதி அனுப்ப வேண்டும். அந்த அறிக்கைக்கு மெட்டார் என்று பெயர்.

ஒரு பங்கை ஆக்டா என்பார்கள். பஞ்சுத் துணுக்கு மாதிரி ஒரு மேகம் எங்கோ ஓரத்தில் நின்றாலும் 0 போடக் கூடாது, 1 போட வேண்டும். அதே போல உள்ளங்கை அளவுக்கு நீலம் தெரிந்தாலும் 8 கிடையாது, 7தான். 1, 2 என்றால் ஃபியூ. 3, 4 ஸ்கேட்டர்ட். 5 முதல் 7 வரை புரோக்கன். 8 ஓவர்காஸ்ட். பனிமூட்டத்தில் வானமே கண்ணுக்குத் தெரியாவிட்டால் உலகம் முழுக்க ஒரே நேரத்தில் எடுக்கிற வானிலைப் பதிவில் 9.

இதில் 2ஐ 3 என்று எழுதிவிட்டால் பெரிதாக ஒன்றும் கெட்டுவிடாது. 4ஐ 5 என்று எழுதினால் கெடும். பாதி வானத்துக்கு மேல் மறைக்கிற மேக அடுக்குகளில் ஆகத் தாழ்வான அடுக்கின் அடிப்பகுதி தரையிலிருந்து எத்தனை அடி உயரத்தில் இருக்கிறதோ, அதுதான் சீலிங். 20,000 அடிக்குக் கீழே உள்ள அடுக்கைத்தான் இதற்குக் கணக்கில் எடுப்பார்கள். ஆக, 1,200 அடியில் நாலு பங்கு மேகம் என்றால் அந்த உயரத்தில் சீலிங் இல்லை. அஞ்சு பங்கு என்றால் சீலிங் 1,200 அடி. இறங்கலாமா, முடியாவிட்டால் எந்த ஊருக்குத் திருப்புவது, அதற்கு எவ்வளவு எரிபொருள் வைத்துக்கொள்வது என்கிற கணக்கெல்லாம் அங்கே மாறும்.

நம்ம கோயம்புத்தூர்ப் பக்கத்து வானம் இந்த நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவில்தான் ஆளைப் பிடித்துப் போடும். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேக்காத்து அடிக்கும்போது பாருங்கள். மழையெல்லாம் மலைக்கு அந்தப் பக்கமும் வால்பாறையிலும் கொட்டித் தீர்ந்துவிடும். நமக்கு வருவது காற்றும், ஓடுகிற மேகமும், முகத்தில் தெறிக்கிற சாரலும்தான். மேற்கே மலையோரம் ஒரே மோடமாக இருக்கும். தலைக்கு மேல் வரும்போது துண்டு துண்டாகும். பல்லடம் பக்கம் போவதற்குள் கரைந்து நீலம் தெரியும். ஒரே வானத்தில் ஒரு பக்கம் 8, இன்னொரு பக்கம் 1.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், ஒரு ஆடி மாதக் காலை. வெளியே போய்ப் பார்த்துவிட்டு வந்து 5 என்று எழுதினேன். அடிப்பகுதி 1,200 அடி. டியூட்டியில் இருந்த மூத்தவர் தாளைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார்.

“ஏனம்மணி, எங்க நின்னு பாத்தீங்க?”

“வாசல்லதானுங்க.”

“வாசல் மேக்க பாத்த வாசல். கெழக்க என்ன இருக்குது?”

என்னிடம் பதில் இல்லை. வெளியே கூட்டிக்கொண்டு போனார். கட்டடத்தைத் தாண்டி, கருவிகள் இருக்கும் கம்பிவேலிக்குள் நடுவில் நிற்க வைத்தார். “முதல்ல கிழக்க பாருங்க. அப்புறம் தெக்க. மேக்க கடைசில பாக்கலாம்” என்றார். கிழக்கில் பாதிக்கு மேல் நீலம். மேற்கை மறுபடி பார்த்தபோதுதான் அவர் இன்னொன்றும் சொன்னார். அடிவானத்தை ஒட்டி இருக்கும் மேகங்களுக்கு நாம் அடிப்பகுதியை மட்டும் பார்ப்பதில்லை, பக்கவாட்டையும் சேர்த்துப் பார்க்கிறோம். அவற்றுக்கு நடுவே இருக்கும் இடைவெளி மறைந்துபோகும். தூரத்துத் தென்னந்தோப்பு சுவர் மாதிரி தெரிகிறதே, உள்ளே போனால் மரத்துக்கு மரம் இருபத்தைந்து அடி இடைவெளி இருக்கிறதே, அதே கதைதான்.

நாலு. திருத்தி எழுதினோம். அறிக்கை அதுவரை போயிருக்கவில்லை. போயிருந்தால் என் வாசல் பார்த்த சீலிங்கை நம்பி எவனோ ஒரு பைலட் கணக்குப் போட்டிருப்பான். அன்றைக்கு எனக்குக் கை நடுங்கியது இப்போதும் நினைவிருக்கிறது.

அதற்குப் பிறகு எனக்கென்று ஒரு வழி வைத்துக்கொண்டேன். அப்புச்சி தோட்டத்தில் வேகவைத்த மஞ்சளைக் களத்தில் காயப் போடுவார்கள். சாயங்காலம் பலகையால் தள்ளித் தள்ளி ஒரு பக்கமாகச் சேர்ப்போம். காலையில் களம் முழுக்கப் பரவிக் கிடந்த மஞ்சள், சேர்த்தால் கால் களம் கூட வராது. வானத்தையும் அப்படித்தான் சேர்த்தேன். முதலில் மனதுக்குள் வடகிழக்கிலிருந்து தென்மேற்காக ஒரு கோடு, பிறகு வடமேற்கிலிருந்து தென்கிழக்காக ஒரு கோடு. நாலு கால். ஒவ்வொரு காலிலும் உள்ள மேகத்தை ஒரு மூலைக்குத் தள்ளினால் எவ்வளவு வரும்? நாலையும் கூட்டினால் எண் வந்துவிடும். வந்த எண் 4 அல்லது 5 என்றால் இன்னொரு சுற்று.

உயரத்துக்கும் பழைய கைவழிகள் உண்டு. பலூன் ஒன்று. நிமிடத்துக்கு 500 அடி ஏறும்படி வாயு நிரப்பிவிட்டால், மூன்று நிமிடத்தில் மேகத்துக்குள் போனால் அடிப்பகுதி 1,500 அடி. பலூன் முழுதாக மறையும் வரை காத்திருக்கக் கூடாது, மங்கத் தொடங்கும்போதே கடிகாரத்தை நிறுத்த வேண்டும். மழையில் பலூன் நனைந்து கனத்து மெதுவாக ஏறும், அப்போது கணக்குத் தப்பும். ராத்திரிக்கு ஒரு விளக்கு. செங்குத்தாக மேலே அடிக்கிற ஒளி மேகத்தில் விழும் பொட்டை, தள்ளி நின்று கோணம் பார்க்க வேண்டும். 45 பாகை என்றால் விளக்குக்கும் நமக்கும் உள்ள தூரம்தான் மேகத்தின் உயரம்.

மதிய நேரத்துக் குவிமேகத்துக்கு இன்னும் சுலபமான கணக்கு ஒன்று இருக்கிறது. காற்றின் ஈரம் பனித்துளியாகத் தொடங்கும் வெப்பநிலைக்குப் பனிநிலை என்று பெயர். வெப்பநிலைக்கும் பனிநிலைக்கும் உள்ள வித்தியாசத்தை, ஒரு டிகிரிக்கு 400 அடி என்று பெருக்குங்கள். வெப்பம் 32, பனிநிலை 22 என்றால் சுமார் 4,000 அடி. சித்திரை வெயிலில் இது பெரும்பாலும் கைகொடுக்கும்.

மலையை அளவுகோலாக வைப்பவர்களும் உண்டு. எந்த மலை எதுவரை மறைந்திருக்கிறது என்று பார்த்து உயரம் சொல்வார்கள். அதில் இரண்டு பள்ளம் இருக்கிறது. மலையின் உயரம் கடல் மட்டத்திலிருந்து, மேகத்தின் உயரமோ ஓடுபாதையிலிருந்து. கோயம்புத்தூர் விமான நிலையமே கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 1,300 அடி. அதைக் கழிக்க மறந்தால் போச்சு. அடுத்து, மலையில் மோதி மேலேறும் காற்று அங்கேயே கட்டுகிற மேகம், சமவெளி மேகத்தைவிடத் தாழ்வாக இருக்கும். மலை மூடியிருக்கிறது என்பதற்காக ஓடுபாதைக்கு மேலும் அதே உயரம் என்று எழுதக் கூடாது.

இப்போது சீலோமீட்டர் இருக்கிறது. லேசர் ஒளியை நேர் மேலே அனுப்பி, மேகத்தில் பட்டுத் திரும்ப எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் கருவி. உயரம் சொல்வதில் அதற்கு முன் நான் நிற்கவே முடியாது. ராத்திரி இரண்டு மணிக்கும் சலிக்காமல் சொல்லும். ஆனால் அது பார்ப்பது தலைக்கு நேர் மேலே ஒரு புள்ளியை. அரை மணி நேரமாக அந்தப் புள்ளியை மேகம் எவ்வளவு நேரம் மறைத்தது என்று கூட்டி, வானம் முழுவதற்கும் அதே விகிதம் என்று வைத்துக்கொள்ளும். மேகம் ஓடிக்கொண்டிருந்தால் அது சரிதான். மேற்கு மலையைக் கட்டிக்கொண்டு நகராமல் நிற்கிற மோடம் அந்தப் புள்ளிக்கு வரவே வராது. கருவி ‘மேகம் இல்லை’ என்று சொல்லும், என் கண்ணுக்கு மூன்று பங்கு நிற்கும். கருவி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கருவி வந்தபிறகு வெளியே போய்ப் பார்ப்பது குறைந்துபோகக் கூடாது என்று சொல்கிறேன், அதில் எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை.

ராத்திரி பார்ப்பதைப் பற்றி ஒன்று மட்டும். விளக்கு வெளிச்சத்திலிருந்து வெளியே வந்த கண்ணுக்கு வானம் முழுக்கக் கறுப்பாகத்தான் தெரியும். சில நிமிடம் சும்மா நில்லுங்கள். கண் பழகப் பழக நட்சத்திரம் ஒவ்வொன்றாக வரும். நட்சத்திரம் வராத இடம் மேகம். ஊர் இருக்கும் திசையில் தாழ்ந்த மேகம் இருந்தால் தெருவிளக்கு வெளிச்சம் பட்டு அதன் அடிப்பகுதி மஞ்சளாகத் தெரியும்.

ஓய்வு பெற்ற பிறகும் காலை எட்டரைக்கு மொட்டை மாடிக்குப் போய்விடுகிறேன். உலகம் முழுக்க நிலையங்கள் ஒரே நேரத்தில் பார்க்கிற வேளைகளில் அதுவும் ஒன்று, கிரீன்விச் கணக்கில் மூன்று மணி. உங்களுக்கும் மாடி இருந்தால் நாளைக்குப் போய்ப் பாருங்கள். கைபேசியில் வானிலை பார்ப்பதற்கு முன்னால் எண்ணை எழுதிவிடுங்கள், பார்த்துவிட்டால் கண் அதன் பக்கம் சாய்ந்துவிடும்.

இன்று காலை என் நோட்டில்: கிழக்கு 1, வடக்கு அரை, தெற்கு 1, மேற்கு இரண்டுக்குக் கொஞ்சம் குறைவு. முதல் சுற்றில் அஞ்சு போலத்தான் இருந்தது. மேற்கை மறுபடி பார்த்தேன். நாலு.