ஹகாட்டாவில் கியோசாவும் ராமெனும்

ஜப்பானிலுள்ள ஃபுகுவோகா நகரின் ஹகாட்டா பகுதியில் நான் சாப்பிட்ட ராமென் (சூப்பில் பரிமாறும் நூடுல்ஸ்) கடையில், வாசலருகே இருந்த இயந்திரத்தில் பணம் செலுத்திச் சீட்டு எடுத்துக்கொண்ட பிறகே உள்ளே அமர முடிந்தது.

முதலில், இறைச்சிப் பூரணத்தை மெல்லிய மாவில் மடித்துச் செய்யும் கொழுக்கட்டை போன்ற கியோசா வந்தது. இந்த ஊரில் அதை ஒரே வாயில் போட்டுக்கொள்ளும் அளவுக்குச் சிறியதாகச் செய்கிறார்கள். இரும்புச் சட்டியில் எண்ணெய் விட்டு நெருக்கமாக அடுக்கி, அடிப்பாகம் சிவக்கத் தொடங்கியதும் சிறிது தண்ணீர் ஊற்றி மூடிவிடுகிறார்கள்; தண்ணீர் வற்றியபின் மீண்டும் மொறுமொறுப்பாகும்வரை விட்டு, தட்டில் அப்படியே கவிழ்க்கிறார்கள். அதனால் ஒரு பக்கம் அப்பளம்போல் நொறுங்க, மறுபக்கம் ஆவியில் வெந்த மென்மையோடு இருக்கிறது. சோயா சாஸ், வினிகர், மிளகாய் எண்ணெய் ஆகியவற்றை நாமே கலந்துகொள்ள வேண்டும்; வினிகர் சற்றுத் தூக்கலாக இருந்தால்தான் உள்ளிருக்கும் பன்றி இறைச்சியின் கொழுப்பு திகட்டாது என்பது என் கருத்து. இரண்டாம் உலகப் போருக்குப் பின், வடகிழக்குச் சீனாவிலுள்ள மஞ்சூரியாவிலிருந்து திரும்பிய ஜப்பானியர்கள் வழியாகவே இந்தச் சீனப் பண்டம் ஜப்பானெங்கும் பரவியது.

ராமெனின் சூப், பன்றி எலும்புகளை நீண்ட நேரம் கொதிக்கவைத்து எடுக்கப்படுவதால் பால்போல் வெளுத்திருந்தது. நூடுல்ஸ் மிக மெல்லியது. சூப்பில் ஊறினால் விரைவில் குழைந்துவிடும் என்பதாலேயே, எவ்வளவு விறைப்பாக வேண்டும் என்று முன்னதாகவே கேட்டுக்கொள்கிறார்கள். முதல் பங்கு தீர்ந்ததும், மீதமுள்ள சூப்பிலேயே போட்டுக்கொள்ள நூடுல்ஸை மட்டும் தனியாக வாங்கலாம். உறிஞ்சும் ஓசையை அங்கே எவரும் பொருட்படுத்துவதில்லை. சைவ உணவு உண்போர், காய்கறி மட்டுமே மேலே தெரிகிறது என்று நம்பி எதையும் வாங்கிவிட வேண்டாம். சூப் எதில் செய்தது என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.