ரேகைச் சட்டமும் பள்ளிக்கூடமும்: சில நாட்குறிப்புகள்

ஏப்ரல் 3, 2025

பெருங்காமநல்லூரில் இன்று நினைவு நாள். காலையிலிருந்தே உசிலம்பட்டிச் சாலையில் கொடி கட்டிய வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. 1920ஆம் ஆண்டு இதே நாளில், குற்றப் பரம்பரைச் சட்டத்தின்கீழ்க் கைரேகை பதிய மறுத்துத் திரண்ட பிறமலைக் கள்ளர் சமூகத்தினர்மீது காவல்துறையினர் சுட்டதில் 16 பேர் இறந்தனர். அவர்களுள் மாயக்காள் என்ற பெண்ணும் ஒருவர். பிடிபட்டவர்களைச் சங்கிலியில் பிணைத்துத் திருமங்கலம் வரை நடத்திச் சென்றார்கள். இச்சட்டத்தால் அல்லல்பட்டவர்களுக்காக மதுரையில் வாதாடிய பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப்பை 'ரோசாப்பூ துரை' என்று மக்கள் அழைத்தார்கள். அந்தப் பெயரைப் பிள்ளைகளுக்கு இட்ட குடும்பங்களும் உண்டு.

மேடைப் பேச்சுகளைக் கேட்டேன். வீரத்தைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வரலாறு கற்பித்து ஓய்வுபெற்ற எனக்கு ஓர் உறுத்தல் உண்டு. அந்தச் சட்டம் பெரியவர்களின் விரலைக் கேட்டதோடு நிற்கவில்லை, குழந்தைகளையும் கேட்டது. அந்தப் பகுதியை எந்த மேடையிலும் யாரும் எடுத்துப் பேசுவதில்லை.

ஏப்ரல் 6

சட்டத்தை மறுபடியும் முழுமையாகப் படித்தேன். 1871இல் வட இந்தியாவுக்கென இயற்றப்பட்டு, 1911இல் திருத்தி எழுதப்பட்ட பிறகே அது சென்னை மாகாணத்துக்கு வந்தது. ஒரு சாதியையோ கூட்டத்தையோ 'குற்றப் பரம்பரை' என்று அரசு அறிவித்துவிட்டால், அந்த அறிவிப்புச் சரியா என்று கேட்கும் அதிகாரம் எந்த நீதிமன்றத்துக்கும் கிடையாது. அறிவிக்கப்பட்டவர்கள் பெயரையும் ரேகையையும் பதிய வேண்டும். குறித்த நேரத்தில் ஆஜராக வேண்டும் அல்லது இருப்பிடத்தையும் வெளியூர்ப் பயணத்தையும் தெரிவித்தாக வேண்டும். இரவில் ஊர்ச் சாவடியில் படுக்கவைக்கப்பட்டதையும், அடுத்த ஊருக்குப் போக ராதாரி என்னும் பயண அனுமதிச் சீட்டுக்காகக் காத்துக் கிடந்ததையும் இப்பகுதி முதியவர்கள் தங்கள் தகப்பன்மார் சொல்லக் கேட்டிருக்கிறார்கள். பெண் பார்க்கப் போகவும், இழவுக்குப் போகவும் அதே சீட்டுத்தான்.

தண்டனையிலும் இவர்களுக்கென்று தனி அளவு இருந்தது. அட்டவணையில் கண்ட குற்றமொன்றில் இரண்டாம் முறை தண்டனை பெற்றால், சிறப்புக் காரணம் இல்லாதவரை, ஏழாண்டுக்குக் குறையாத சிறை. மூன்றாம் முறையானால் ஆயுள் முழுதும் நாடுகடத்தல். ஒரே வீட்டில் இரண்டு பேர் சேர்ந்து திருடியிருந்தாலும், அவர்கள் பிறந்த சாதியைப் பார்த்து இருவருக்கும் வெவ்வேறு தண்டனை விதிக்க இச்சட்டம் வழி செய்தது.

இனி 17ஆம் பிரிவு. தொழில், வேளாண்மை, சீர்திருத்தப் பள்ளிகளை அரசு நிறுவலாம். ஆறு வயதுக்கு மேற்பட்ட, பதினெட்டு நிரம்பாத பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து அங்கே சேர்க்கலாம். அந்தப் பிள்ளை ஏதேனும் செய்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை அதில் இல்லை. பெற்றவர்களின் சாதி அறிவிக்கப்பட்டிருந்தால் போதும். கல்வி என்னும் சொல் நம் சட்டப் புத்தகத்தில் இவ்வளவு அச்சுறுத்தலோடு வேறெங்கேனும் வந்திருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை.

ஏப்ரல் 14

புத்தாண்டு. பேரப்பிள்ளைகள் வந்திருந்ததால் எழுத நேரமில்லை. ஆனாலும் மனத்தில் ஓடியதை விட்டுவிட விரும்பவில்லை.

இச்சட்டத்தை எதிர்ப்பவர்கள் பெரும்பாலும் ஒரு விஷயத்தை மழுப்பிவிடுகிறார்கள். களவு நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. ஊர்க்காவல் என்ற பெயரில் கள்ளர் சமூகத்தினர் ஊராரிடம் கூலி வாங்கிய முறை ஒரு பக்கம். காணாமற்போன மாட்டை, அது இருக்கும் இடம் சொல்பவனுக்குத் துப்புக்கூலி கொடுத்து மீட்க வேண்டியிருந்த நிலை இன்னொரு பக்கம். அதைப் பொறுக்க முடியாமல் 1890களில் திண்டுக்கல் பக்கத்து உழவர்கள் அந்தக் காவல் முறைக்கு எதிராகவே ஓர் இயக்கம் நடத்தினார்கள். ஏர் பூட்டும் பருவத்தில் உழவு மாட்டைப் பறிகொடுத்தவனுடைய வயிற்றெரிச்சல் பொய்யானதன்று. அவனுக்கும் நீதி கிடைத்திருக்க வேண்டும்.

ஆனால் களவுக்கு ஆங்கில அரசு கண்ட காரணம்தான் விபரீதமானது. தச்சன் மகன் தச்சனாவதுபோலத் திருடன் மகன் திருடனாகிறான் என்று, சாதிமுறையைப் பற்றித் தாங்கள் அரைகுறையாகப் புரிந்துகொண்டதை அப்படியே குற்றவியல் கொள்கையாக்கிவிட்டார்கள். கண்ணெதிரே இருந்த மற்றக் காரணங்களை அவர்கள் ஏறிட்டும் பார்க்கவில்லை. 1895இல் முல்லைப் பெரியாறு அணை கட்டி முடிக்கப்பட்டபோது, கம்பம் பள்ளத்தாக்குக்கும் மேலூர்ப் பக்கத்துக்கும் தண்ணீர் பாய்ந்தது. உசிலம்பட்டியின் மேட்டுக்காடு மானம் பார்த்த பூமியாகவே கிடந்தது. அதே ஊர்கள் 58 கிராமக் கால்வாய் என்ற பாசனத் திட்டத்துக்காகச் சுதந்திரத்துக்குப் பிறகும் பல பத்தாண்டுகள் போராட வேண்டியிருந்தது. ஊர்க்காவலைப் புதிய காவல்துறை பறித்துக்கொண்டது, வாய்க்கால் தண்ணீரும் வேறு பக்கம் போய்விட்டது. இந்த இரண்டுக்கும் பிறகு மிச்சமிருந்த மனிதனைப் பார்த்து, இவன் இரத்தத்திலேயே களவு இருக்கிறது என்று எழுதினார்கள்.

ஏப்ரல் 27

கள்ளர் சீரமைப்புப் பள்ளியொன்றில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வுபெற்ற நண்பரைப் பார்க்கப் போயிருந்தேன். என்னைவிட மூத்தவர், எதையும் அளந்து பேசுபவர். மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் இன்றும் சுமார் 300 பள்ளிகள் அந்தப் பெயரில் இயங்குகின்றன. பெருங்காமநல்லூருக்குப் பிறகு, வெறும் அடக்குமுறை போதாது என்று கண்ட அரசு, கள்ளர் சீரமைப்பு என்ற திட்டத்தின்கீழ்ப் பள்ளிகள், விடுதிகள், கூட்டுறவுச் சங்கங்கள் ஆகியவற்றைத் தொடங்கியது. அதை நடத்தும் பொறுப்பு காவல்துறை அதிகாரியிடமே இருந்தது. எனவே ரேகைப் பதிவேடும் பள்ளி வருகைப் பதிவேடும் ஒரே அதிகாரத்தின் கண்காணிப்பில் இருந்தன.

மற்ற இடங்களில் இது இன்னும் வெளிப்படையாக நடந்தது. குண்டூர்ப் பகுதியின் ஸ்டூவர்ட்புரத்தில் எருகுலர் என்ற பழங்குடியினருக்கென அமைந்த குடியிருப்பைச் சால்வேஷன் ஆர்மி என்ற கிறித்தவ அமைப்பு நடத்தியது. அங்கே ஒரே வேலியின் உள்ளே வேலை, வழிபாடு, பள்ளி எல்லாம் இருந்தன. அனுமதியின்றி வெளியேறினால் அது குற்றம். ஒழுக்கம் கற்பிப்பதாக நம்பியே பலர் அங்கே உழைத்தார்கள். அவர்களுடைய நல்லெண்ணத்தை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் வேலிக்குள் அடைபட்ட பிள்ளை முதலில் கற்றுக்கொண்ட பாடம், தன் தாய் தகப்பன் நம்பத்தகாதவர்கள் என்பதே.

நண்பர் என் வாதத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "நீங்க சொல்றது சட்டம் சார். எங்க ஐயா அந்தப் பள்ளிக்கூடத்துல சோறு தின்னாரு, எழுத்துப் படிச்சாரு. வாத்தியார் ஆனாரு. அதையும் எழுதுங்க" என்றார்.

எழுதுகிறேன். கல்வி எந்த நோக்கத்தோடு கொடுக்கப்பட்டாலும், அதைப் பெற்றவன் கொடுத்தவனுடைய நோக்கத்தோடு நின்றுவிடுவதில்லை. மனு எழுதத் தெரிந்த முதல் தலைமுறை அந்தப் பள்ளிகளிலிருந்துதான் வந்தது. அதே தலைமுறை அந்தச் சட்டத்துக்கு எதிராகவே மனு எழுதியது. முத்துராமலிங்கத் தேவர் உள்ளிட்ட பலர் நடத்திய போராட்டங்களுக்குப் பின் சென்னை மாகாணத்தில் 1947இல் சட்டம் ஒழிந்தது. நாடு முழுவதும் ஒழிந்தது 1952 ஆகஸ்ட் 31இல்.

ரேகைப் பதிவேடு மூடப்பட்டது, பள்ளிகள் மட்டும் தொடர்ந்தன. இதைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன். பதிவேடு இருந்தவரை கண்காணிப்பின் ஒரு கிளையாக இருந்த இடம், அது போன பிறகே உண்மையில் பள்ளிக்கூடமாயிற்று. கட்டடமும் பாடமும் பெரிதாக மாறவில்லை. உள்ளே வரும் பிள்ளையை அரசு எந்தக் கண்ணால் பார்த்தது என்பது மாறியது.

மே 10

மதுரையில் வழக்கறிஞராக இருக்கும் என் தங்கை மகன் வந்திருந்தான். நாங்குநேரியைப் பற்றிப் பேச்சு வந்தது. 2023 ஆகஸ்டில் பட்டியல் சாதியைச் சேர்ந்த பள்ளி மாணவர் ஒருவரை, அவருடன் படித்த மாணவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டாள். வெட்டியவர்களும் சிறுவர்கள்.

"மாமா, இவங்களைச் சின்னப் பசங்கன்னு எப்படிச் சொல்றது?" என்று அவன் கேட்டான். இந்தக் கேள்வி புதிதன்று. 2012 டிசம்பரில் டெல்லியில் ஓடும் பேருந்தில் நடந்த கொடுமைக்குப் பிறகு நாடே இதைக் கேட்டது; குற்றவாளிகளுள் பதினெட்டு நிரம்பாத ஒருவனுக்கு மூன்றாண்டுக்கு மேல் தண்டனை தர அன்றைய சட்டத்தில் இடமில்லை. அதன் விளைவாகவே 2015இன் இளஞ்சிறார் நீதிச் சட்டம், குறைந்தது ஏழாண்டுச் சிறை விதிக்கத்தக்க கொடுங்குற்றங்களில், 16 வயது நிரம்பியவரைப் பெரியவர்போல் விசாரிக்கலாமா என்று இளைஞர் நீதிக் குழுமம் முன்மதிப்பீடு செய்ய வழி வகுத்தது. குற்றம் செய்யும் மனத்திறன், உடல்திறன், விளைவை உணரும் ஆற்றல், குற்றம் நிகழ்ந்த சூழல் ஆகியவற்றைக் குழுமம் பார்க்க வேண்டும். அப்போதும் மரண தண்டனை கிடையாது. விடுதலைக்கு வாய்ப்பில்லாத ஆயுள் தண்டனையும் கிடையாது.

எனக்கு இந்த ஏற்பாட்டில் தயக்கம் உண்டு. பதினாறு வயதுப் பையன் விளைவை உணர்ந்திருந்தானா என்பதைச் சம்பவம் நடந்து சில மாதங்கள் கழித்து ஓர் அறையில் உட்கார்ந்து அளப்பது எளிதன்று. ஆனால் மருமகனின் கோபத்தையும் நான் தள்ளிவிடவில்லை. வெட்டுப்பட்ட பிள்ளையின் பக்கம் நின்று பார்த்தால், வெட்டியவனின் வயது ஆறுதல் தருவதில்லை. சாதித் திமிரோடு செய்த குற்றத்தைச் சிறுபிள்ளைத்தனம் என்று பெரியவர்கள் பூசி மெழுகுவதை நான் பள்ளியிலேயே பார்த்திருக்கிறேன்.

அவனிடம் அதே சட்டத்தின் 24ஆம் பிரிவைக் காட்டினேன். குற்றம் செய்ததாக முடிவான சிறாரையும் அந்தத் தீர்ப்பு எந்தத் தகுதியிழப்புக்கும் உள்ளாக்கக் கூடாது. மேல்முறையீட்டுக் காலம் முடிந்தபின் பதிவுகள் அழிக்கப்பட வேண்டும். பெரியவராக விசாரிக்கப்பட்டுத் தண்டனை பெற்றவர்களுக்கு மட்டும் விதிவிலக்கு. 1911இல் எந்தக் குற்றமும் செய்யாத ஆறு வயதுப் பிள்ளையைப் பதிவேட்டின்படி பிரித்தெடுக்க முடிந்தது. இன்று குற்றம் செய்த பதினைந்து வயதுப் பிள்ளையின் பதிவை அழிக்கச் சொல்கிறது சட்டம். இந்த இரண்டுக்கும் நடுவே நாம் கடந்து வந்த தூரம் கொஞ்சமில்லை. அவன் ஒப்புக்கொண்டான், பாதி மனத்தோடு.

மே 18

சிறைக் கையேடுகள் பற்றி உச்ச நீதிமன்றம் 2024 அக்டோபர் 3இல் வழங்கிய தீர்ப்பைப் படித்தேன். சாதி பார்த்துக் கைதிகளுக்கு வேலை பிரிக்கும் விதிகள் செல்லாதவையாயின. முன்பு குற்றப் பரம்பரை என்று அறிவிக்கப்பட்டிருந்த சீர்மரபினர் சமூகங்களைப் பிறப்பின் அடிப்படையில் வழக்கமான குற்றவாளிகளாகக் கருத இடம்தரும் விதிகளும் அவற்றோடு போயின. சிறைப் பதிவேடுகளிலிருந்து சாதிப் பத்தியை நீக்கவும் நீதிமன்றம் சொன்னது. சட்டம் ஒழிந்து 72 ஆண்டுகள் ஆன பிறகும் அதன் எச்சம் கையேட்டுப் பக்கங்களில் உயிரோடு இருந்திருக்கிறது. வேறு எந்தெந்த அலுவலகத்தின் எந்தப் படிவத்தில் இன்னும் இருக்கிறதோ?

ஜூன் 2

பள்ளிகள் இன்று திறந்தன. தேநீர்க் கடையில் நீதிபதி சந்துரு குழுவைப் பற்றிய பேச்சு மறுபடியும் கிளம்பியது. நாங்குநேரிக்குப் பிறகு அரசு அமைத்த அந்த ஒருநபர்க் குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. சாதியைக் காட்டும் கைக்கயிறுகளைத் தடுப்பது, பள்ளிப் பெயர்களிலிருந்து சாதி அடையாளத்தை நீக்குவது, கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள், ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் முதலியவற்றைப் பள்ளிக் கல்வித் துறையின்கீழ் ஒன்றாகக் கொண்டுவருவது என்று பல பரிந்துரைகள். உசிலம்பட்டிப் பக்கத்தில் எதிர்ப்பு எழுந்தது. இரத்தம் சிந்திப் பெற்ற உரிமை என்றார்கள்.

என் நிலைப்பாட்டை எழுதிவைக்கிறேன். கைக்கயிற்றைத் தடுப்பது சரிதான். ஆனால் கயிறு கட்டிவிடுபவர்கள் பள்ளிக்கு வெளியே இருக்கிறார்கள், அவர்கள் மாணவர்கள் அல்லர். பெயர் மாற்றத்தையும் நான் எதிர்க்கவில்லை. ஆறாம் வகுப்பில் சேரும் பிள்ளையின் மாற்றுச் சான்றிதழில், அவன் சமூகம் சீரமைக்கப்பட வேண்டியதென்று காவல்துறை முடிவு செய்த காலத்தின் முத்திரை இனியும் எதற்கு? எதிர்ப்பவர்களின் அச்சத்தில் நியாயமான பகுதி வேறு: விடுதிகள் என்னவாகும், நிதி எங்கே போகும், பணியிடங்கள் யாருக்குக் கிடைக்கும்? இவற்றுக்கு அரசாணையில் எழுத்துபூர்வமான உறுதி வந்த பிறகே பெயர்ப்பலகையைக் கழற்ற வேண்டும். வரிசை மாறினால், பலகை மட்டும் மாறும். விடுதிச் சோறு மெல்ல நின்றுவிடும்.

அறநெறி வகுப்பு வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அப்படிச் சொல்லும்போதே, ஒழுக்கக் குறைவு எந்தத் தெருப் பிள்ளைகளிடம் இருக்கிறதென்று சொல்பவர் மனத்தில் ஏற்கெனவே ஒரு பட்டியல் இருப்பதைக் கவனித்திருக்கிறேன். கடையில் இன்று ஒருவர் அந்தப் பட்டியலை வாய்விட்டே சொன்னார். 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வந்த அறிவிப்புகளுக்கும் அவர் பட்டியலுக்கும் அதிக வேறுபாடில்லை. சில பெயர்கள் மட்டும் மாறியிருந்தன.

ஜூன் 14

பக்கத்து உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியர், ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுக்கு அறநெறி பற்றி ஒரு பாடவேளை பேச அழைத்தார். நீதிக்கதை சொல்ல எனக்கு விருப்பமில்லை என்றேன். 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17ஆம் பிரிவையும் 2015ஆம் ஆண்டுச் சட்டத்தின் 24ஆம் பிரிவையும் தமிழில் எழுதி ஒரே தாளில் அச்சடித்துக் கொடுக்கிறேன். எந்தப் பிரிவு யாரைத் தண்டிக்கிறது, எதற்காகத் தண்டிக்கிறது, மாடு பறிகொடுத்த உழவனுக்கும் வெட்டுப்பட்ட மாணவனுக்கும் இவற்றில் என்ன கிடைக்கிறது என்று பிள்ளைகளே விவாதிக்கட்டும் என்று சொன்னேன். கடைசிக் கேள்விக்கு என்னிடமே நிறைவான விடை இல்லை. இரண்டு பிரிவுகளிலும் அவர்களைப் பற்றி ஒரு வரிகூடக் கிடையாது.

அவர் சற்று யோசித்துவிட்டு, வகுப்பில் யாரும் யாருடைய ஊரையும் தெருவையும் குறிப்பிட்டுப் பேசக் கூடாது என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள் என்றார். ஜூலை முதல் வாரத்தில் ஒரு பாடவேளை ஒதுக்கியிருக்கிறார். போதாது, இரண்டாவது கேட்டிருக்கிறேன்.