கையைக் கட்டிக்கொண்டு நிற்காத உயிரணு

சுங்கை சிப்புட், 4 மார்ச் 2025, செவ்வாய்

ஈப்போவுக்கு அனுப்ப வேண்டிய சிடி4 (எச்.ஐ.வி. தாக்கும் வெள்ளையணு வகை) பரிசோதனை மாதிரிகளின் ஊதா மூடிக் குப்பிகளைப் பெட்டியில் அடுக்கிவிட்டு ஒட்டுக்கடைக்குச் சென்றபோது, முன்பு ரப்பர் தோட்டத்தில் டிரஸ்ஸராக (மருத்துவ உதவியாளராக) இருந்த பெரியவர், "கிருமி உள்ளே போனா நம்ம உயிரணு கையைக் கட்டிக்கிட்டா நிக்கும், தம்பி?" என்று கேட்டார். நிற்பதில்லை. 2002இல் கண்டறியப்பட்ட ஏபோபெக்3ஜி என்னும் புரதம், அணுவிலிருந்து வெளியேறும் எச்.ஐ.வி.க்குள்ளேயே ஏறிச் சென்று, அடுத்த அணுவில் அது தன் மரபுச்செய்தியான ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாகப் படியெடுக்கும்போது சைட்டோசின் என்ற எழுத்தை யுராசிலாக மாற்றி அந்தப் படியைக் கெடுத்துவிடும். ஆனால் கிருமியும் ஏட்டிக்குப் போட்டியாக விஃப் என்ற புரதத்தை வைத்துக்கொண்டு அதை அழிக்கச் செய்கிறது. புதிய கிருமிகளை அணுவின் மேற்பரப்பிலேயே பிடித்து நிறுத்தும் டெதரின் என்ற நம் புரதத்துக்கும் கிருமியிடம் விபியு என்ற எதிர்ப்புரதம் இருக்கிறது.

6 மார்ச், வியாழன்

என்னை அதிகம் வியக்க வைப்பது எஸ்.ஏ.எம்.எச்.டி.1 என்ற நம் அணுவின் புரதம் (பெயர்தான் வாயில் நுழையாது). 2011இல் இதன் வேலை தெரியவந்தது. டென்ட்ரிட்டிக் அணுக்களிலும் (நோய் எதிர்ப்பின் காவல் அணுக்கள்) ஓய்விலிருக்கும் சிடி4 அணுக்களிலும் இது டி.என்.ஏ. கட்டுவதற்கான மூலப்பொருள்களைச் சிதைத்து வைத்திருப்பதால், உள்ளே நுழைந்த கிருமி அரிசி தீர்ந்த வீட்டில் அடுப்பு மூட்டியவனைப் போல் தவிக்கிறது. பெருகிக்கொண்டிருக்கும் சிடி4 அணுக்களில் இந்தப் புரதம் அடங்கிவிடுகிறது, மூலப்பொருளும் தாராளமாகக் கிடைக்கிறது, எச்.ஐ.வி.யின் இரு வகைகளில் அதிகம் காணப்படும் எச்.ஐ.வி.1 அங்கேதான் பரவுகிறது. எச்.ஐ.வி.2 தன் விபிஎக்ஸ் புரதத்தால் இந்தக் காவலை உடைத்துவிடும், எச்.ஐ.வி.1க்கு அது இல்லை. இதில் ஒரு விபரீதமும் உண்டு: மற்ற அணுக்களுக்கு எச்சரிக்கை கொடுக்க வேண்டிய டென்ட்ரிட்டிக் அணு தொற்றிலிருந்து தப்பிவிடுவதால், எச்.ஐ.வி.1 வந்த செய்தியே அதற்குச் சரியாக எட்டுவதில்லை; காவலை உடைக்கும் எச்.ஐ.வி.2 வந்தாலோ எட்டிவிடலாம். எச்.ஐ.வி.2 மெதுவாகவே நோயாக முற்றுவதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம் என்று ஆய்வாளர்கள் சிலர் கருதுகின்றனர். எனக்கும் அது பொருத்தமாகவே படுகிறது.

9 மார்ச், ஞாயிறு

கிளினிக் மிஸ்ஸி (தாதி) ஒருவர், பிறவியிலேயே எதிர்ப்பு உள்ளவர்களைப் பற்றிக் கேட்டிருந்தார். சிசிஆர்5 மரபணுவில் 32 எழுத்துகள் விடுபட்ட வடிவத்தைத் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பெற்றவர்களின் அணுக்களில், எச்.ஐ.வி. உள்ளே நுழைய வழக்கமாகப் பற்றிக்கொள்ளும் சிசிஆர்5 என்ற ஏற்பி மேற்பரப்புக்கு வருவதே இல்லை. ஐரோப்பிய வம்சாவளியினரில் ஏறக்குறைய 1 விழுக்காட்டினர் இத்தகையோர். ஆசியர்களிடம் இது மிக அரிது என்பதால், நம் ஊரில் இதை நம்பியிருக்க இடமில்லை. அப்படிப்பட்ட ஒருவரின், ரத்த அணுக்களை உருவாக்கும் ஸ்டெம் செல்லை 2007இல் பெர்லினில் ரத்தப் புற்றுநோய்க்காகப் பெற்ற திமோதி ரே பிரவுன், எச்.ஐ.வி.யிலிருந்தும் விடுபட்டார். அதே ஏற்பியை அடைக்கும் மாரவிராக் மாத்திரையும் அவ்வாண்டே வந்தது. சிஎக்ஸ்சிஆர்4 என்ற மற்றோர் ஏற்பி வழியாக நுழையும் கிருமிக்கு அது பயன்படாது. ஆகவே மருந்தைத் தொடங்குமுன் கிருமி எந்த வகை என்று சோதிக்கிறார்கள்.