ஒரு சுற்று 1.8 வினாடி: ஜெஃப் மில்ஸின் கைத்தொழில்

33⅓ வேகத்தில் ஓடும் இசைத்தட்டு ஒரு சுற்று முடிக்க 1.8 வினாடி ஆகும். அதற்குள் நான்கு பீட் விழுந்தால் நிமிடத்துக்கு 133.3 பீட். டெக்னோ என்ற மின்னணு நடன இசைக்கு மிகவும் பழக்கமான வேகம் அது. ரோலண்ட் டிஆர்-909 என்ற தாளக் கருவியில் (டிரம் மெஷின்) ஒலிகளைப் போடும் 16 படிகளும் அந்த வேகத்தில் சரியாக ஒரு சுற்றில் முடிந்துவிடும். டெக்னோ டிஜே ஜெஃப் மில்ஸ் செய்ததைப் புரிந்துகொள்ள இந்தக் கணக்கிலிருந்து தொடங்குவதுதான் சரி.

1963இல் டெட்ராய்டில் பிறந்தவர் அவர். எண்பதுகளில் "தி விசார்ட்" என்ற பெயரில் டபிள்யூடிஆர்கியூ, டபிள்யூஜேஎல்பி வானொலிகளில் இசைத்தட்டுகளைக் கலந்து வாசித்தார். ஹிப்-ஹாப், எலக்ட்ரோ, சிகாகோ ஹவுஸ் எல்லாம் ஒரே ஓட்டத்தில் வரும். ஒரு தட்டு நன்றாகக் காதில் பதிவதற்குள் அடுத்தது வந்துவிடும். பிறகு மைக் பேங்க்ஸோடு சேர்ந்து அண்டர்கிரவுண்ட் ரெசிஸ்டன்ஸ் என்ற டெக்னோ குழு. 1992இல் ஆக்சிஸ் என்ற சொந்த வெளியீட்டு நிறுவனம். அதே ஆண்டு பெர்லினின் டிரெசோர் வெளியீட்டு நிறுவனம் வழியாக முதல் தனி ஆல்பம். இந்த வரலாறு எல்லா இடத்திலும் கிடைக்கும். வானொலியில் பழகிய கை பிறகு தட்டுகளின் வடிவத்தையே மாற்றியதுதான் பலரும் தாண்டிப்போகிற செய்தி. தொண்ணூறுகளின் நடுவில் தொடங்கிய பர்ப்பஸ் மேக்கர் வரிசையில் உள்ள தட்டுகள் பாட்டாகக் கேட்பதற்கு மட்டும் செய்யப்பட்டவை அல்ல. டிஜே இன்னொரு தட்டின்மேல் அடுக்குவதற்கான உதிரிப்பாகங்கள் அவை.

இதன் உச்சம் 1994இல் வந்த "சைக்கிள் 30" என்ற தட்டு. அதில் மூடிய பள்ளங்கள் உண்டு. ஊசி உள்நோக்கி நகராமல் அதே வட்டத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும், தாளத்தில் ஓர் ஆவர்த்தனம் திரும்பத் திரும்ப வருவதுபோல. இங்கே மலேசியாவில் செந்தூலிலும் கிள்ளானிலும் கல்யாண டிஜே செய்யும் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது, மூடிய பள்ளம் உள்ள தட்டு ஒன்றாவது வைத்துப் பழகுங்கள் என்பதுதான். பாட்டு முடிந்துவிடும் என்ற பதற்றம் இல்லாமல் காது வேகத்தை மட்டும் கவனிக்கும்.

டெக்னிக்ஸ் எஸ்எல்-1200எம்கே2 டர்ன்டேபிளின் பிட்ச் நழுவி, அதாவது வேகத்தை மாற்றும் நகர்த்தி, இரு பக்கமும் 8 சதவீதம் போகும். 133.3ஐ 122.7 வரை இறக்கலாம், 144 வரை ஏற்றலாம். ஆனால் நடுவில் பூஜ்யத்தில் நழுவி "டக்" என்று உட்காரும் இடம் ஆபத்தானது. அதையொட்டி நுணுக்கமாக நகர்த்த முடியாது. வேகம் ஒரே இடத்தில் நிற்கும், பிறகு துள்ளும். அதனால் இரண்டு தட்டையும் +2 சதவீதத்துக்கு மேலே வைத்துப் பழகுவது நல்லது.

பிழை எப்படிச் சேர்கிறது என்று பாருங்கள். இரு தட்டுகளுக்கும் வேகத்தில் 0.1 சதவீதம் வித்தியாசம் என்றால் ஒரு சுற்றில் 1.8 மில்லிவினாடிதான் விலகும். 16 சுற்றில், அதாவது அரை நிமிடத்துக்குள், 29 மில்லிவினாடி ஆகிவிடும். அப்போது கிக் (பெரிய டிரம்மின் அடி) இரட்டையாகக் கேட்கும். அதற்கு முன்பே பேஸ், அதாவது அடித்தள ஒலி, மெலிந்துவிடும். 50 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை 20 மில்லிவினாடி. இரண்டு கிக் 10 மில்லிவினாடி விலகினால் ஒன்றை ஒன்று தின்றுவிடும். காது "தாளம் சரி" என்று சொல்லும், ஸ்பீக்கரில் அடி இருக்காது. ஆகவே மூன்று தட்டு ஓடினாலும் பேஸ் ஒன்றில் மட்டும் திறந்திருக்கட்டும். புதியதைப் பேஸ் முழுதும் குறைத்து உள்ளே கொண்டுவந்து, சுற்றின் முதல் பீட்டில் மிக்சரில் இரண்டு தட்டின் பேஸ் குமிழையும் ஒரே நேரத்தில் மாற்றுங்கள்.

மூடிய பள்ளத்தை நீண்ட நேரம் ஓடவிடாதீர்கள். பத்து நிமிடத்தில் ஊசி அதே இடத்தை 333 முறை தேய்க்கும். ஒரு தூசி ஒட்டினால் அதுவும் 1.8 வினாடிக்கு ஒருமுறை அடிக்கும், தாளத்தின் பாகமாகவே தோன்றிவிடும். ஊசி தட்டை அழுத்தும் எடை குறைவாக இருந்தால் அடுத்த பள்ளத்துக்குத் தாவும். கார்ட்ரிட்ஜ் (ஊசியைத் தாங்கும் பாகம்) நிறுவனம் சொல்லும் வரம்பின் மேல் பாதியில் வையுங்கள். நம் ஊர் ஈரத்தில் உறையில் பூஞ்சை வேறு பிடிக்கும். காகித உள்ளுறையை எடுத்துவிட்டு பிளாஸ்டிக் உறை போடுவது மலிவான தீர்வு.

909ஐ எடுத்துக்கொண்டால், கிக் அனலாக், அதாவது மின்சுற்றே உருவாக்கும் ஒலி; ஹை-ஹாட்டும் சிம்பலும் 6 பிட் டிஜிட்டல் பதிவுகள். மில்ஸ் மேடையில் அதைத் தட்டுகளுக்கு மேலே தனி வாத்தியமாகவே வாசிக்கிறார், ஓடும்போதே படிகளைப் போட்டும் எடுத்தும். தட்டோடு சேர்க்கும்போது படிகளைச் சற்றுத் தள்ளி விழவைக்கும் ஷஃபிளை அணைத்துவிடுங்கள். மெஷினின் வேகத்தைத் தொடாமல் தட்டைத்தான் அதன் பின்னால் கொண்டுவர வேண்டும், ஏனென்றால் மெஷின் அசையாது. உருமி மேளத்தில் வாசித்தவர்களுக்கு அழுத்தம் எங்கே விழ வேண்டும் என்பது கையிலேயே இருக்கும், அது பெரிய பலம். ஆனால் குழுவோடு சேர்ந்து வேகம் ஏறும் பழக்கமும் கூடவே வரும். மெஷின் அவர்களோடு ஏறாது என்பதை முதலில் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

ஜப்பானிலிருந்து வரும் பழைய மெஷினும் டர்ன்டேபிளும் 100 வோல்ட். இங்கே நேரடியாகச் செருகினால் டிரான்ஸ்ஃபார்மர் எரியும். கோலாலம்பூர் ஜாலான் பாசாரில் ஸ்டெப்-டவுன் (வோல்ட்டைக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர்) வாங்கும்போது 110 அல்ல, 100 வோல்ட் தரும் ஒன்றா என்று கேட்டு வாங்குங்கள். டர்ன்டேபிளின் எர்த் கம்பியை மிக்சரில் இறுக்காவிட்டால் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் வரும், அதுவும் பேஸிலேயே போய் உட்காரும்.

2005இல் பிரான்சின் போன் டு கார் பாலத்தருகே மோன்பெலியே இசைக்குழுவோடு வாசித்தபோதும், பிறகு நைஜீரிய டிரம்ஸ் கலைஞர் டோனி ஆலனோடு சேர்ந்தபோதும், வேகத்தைத் தாங்களே உருவாக்கும் மனிதர்களுக்கு நடுவே அவர் மெஷினை வைத்தார். என் கணிப்பில் ஆலனோடு செய்தது மேலும் கடினமான வேலை. ஆர்க்கெஸ்ட்ரா நடத்துனர் மெஷினைப் பின்தொடர முடியும். ஆலனின் டிரம்ஸ் பீட்டுக்கு முன்னும் பின்னும் நகர்ந்தபடி இருந்தது, அதற்கு மெஷின் இடம் விட வேண்டியிருந்தது.

படிக்க நினைப்பவர்கள் 1996இல் வெளியான டோக்கியோ லிக்விட் ரூம் பதிவைக் காதுக்கும், 2004இன் "எக்ஸிபிஷனிஸ்ட்" டிவிடியைக் கண்ணுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். டிவிடியில் கேமரா கைமேலேயே இருக்கிறது. முதல்முறை ஒலியைக் குறைத்து, ஒரு கை எத்தனை முறை பேஸ் குமிழுக்குப் போகிறது என்று மட்டும் எண்ணுங்கள். இரண்டாம் முறை பிட்ச் நழுவியைப் பாருங்கள்.