உரக்கப் படிக்கக்கூடிய நகைச்சுவை நாவல்கள்

பெரியவர்கள் படித்துச் சிரிக்கத்தக்க நாவல் வேண்டும், ஆனால் அதில் ஆபாசமோ இரட்டை அர்த்தமோ வசைச்சொல்லோ இருக்கக்கூடாது என்று கேட்டால், புத்தகக் கடையில் பெரும்பாலும் சிறுவர் கதைகளையோ துணுக்குத் தொகுப்புகளையோதான் எடுத்துக் காட்டுகிறார்கள். எனக்கு அவ்விரண்டும் போதவில்லை. கண்பார்வை மங்கிய என் தாயாருக்கு இரவு உணவுக்குப் பின் நாவல் வாசித்துக் காட்டுவது என் வழக்கம். பக்கத்தில் பிள்ளைகளும் உட்கார்ந்து கேட்பார்கள். தனியாகப் படிக்கும்போது கூசவைக்கும் வரியைக் கண் தாண்டிப் போய்விடும். உரக்கப் படிக்கும் குரலுக்கு அந்த வசதி கிடையாது. ஆகவே ஒரு நாவலைத் தேர்ந்தெடுக்கும்போது, அதன் சிரிப்பு எதன்மேல் நிற்கிறது என்பதை முதலில் பார்த்துக்கொள்கிறேன். பாத்திரங்களின் உடலையும் நிறத்தையும் பழிப்பதில் அது நின்றால், அட்டையில் என்ன எழுதியிருந்தாலும் அந்த நூல் எங்கள் வீட்டுக்கு ஆகாது. ஒரு மனிதன் தான் நினைத்தது சரியென்று முழுமனதாக நம்பி, அந்த நம்பிக்கையாலேயே சிக்கலில் மாட்டிக்கொள்வதிலிருந்து சிரிப்பு பிறந்தால், அந்த நூலை நம்பி எடுக்கலாம்.

இந்த அளவுகோலுக்குத் தமிழில் முதலில் நினைவுக்கு வருபவர் தேவன். ஆர். மகாதேவன் என்ற இயற்பெயருடைய இவர் 1913 முதல் 1957 வரை வாழ்ந்து, ஆனந்த விகடனில் ஆசிரியர் குழுவில் இருந்துகொண்டே அதில் தொடர்ந்து எழுதியவர். அவருடைய துப்பறியும் சாம்புவைப் பலரும் அறிவார்கள்: அசடு என்று எல்லோராலும் கருதப்படும் ஒரு வங்கி குமாஸ்தா தற்செயலாகச் செய்யும் காரியங்களால் குற்றவாளிகள் பிடிபடுகிறார்கள், ஊரோ அவரை மேதை என்று கொண்டாடுகிறது. ஆனால் சாம்பு தனித்தனிக் கதைகளின் வரிசை. நாவல் தேடுபவருக்கு நான் சொல்வது ‘மிஸ்டர் வேதாந்தம்’, ‘ஸ்ரீமான் சுதர்சனம்’, ‘ராஜத்தின் மனோரதம்’ ஆகியவற்றை. சுதர்சனம் குறைந்த சம்பளத்தில் குடும்பம் நடத்தும் குமாஸ்தா. வேலை பார்க்கும் இடத்துப் பணத்தில் கைவைத்துவிட்டு, பிறகு மனச்சாட்சியாலும் பயத்தாலும் அலைக்கழிகிறார். குற்றமும் அவமானமும் வறுமையும் பெரியவர்களின் வாழ்க்கைக்கு உரியவை. அவற்றை இவ்வளவு இளகிய மனத்தோடு, ஓர் ஆளையும் இழிவுபடுத்தாமல், சிரிக்கச் சிரிக்கச் சொல்லமுடியும் என்று தேவன் காட்டியிருக்கிறார். ‘ராஜத்தின் மனோரதம்’ சொந்த வீடு கட்டும் ஆசையையே கதையாகக் கொண்டது. வீடு கட்டிய அனுபவம் உள்ள எவரும் அதைக் கேட்டுவிட்டுத் தங்கள் கதையைச் சொல்லாமல் எழுந்திருக்கமாட்டார்கள். எங்கள் வீட்டில் அன்றைய வாசிப்பு அத்தோடு நின்று, பேச்சு நள்ளிரவு வரை நீண்டதுண்டு.

இந்த எழுத்தில் ஒரு தூய்மை இருப்பதற்கு எழுத்தாளரின் இயல்பு மட்டும் காரணமன்று. அக்காலத்து வாரப்பத்திரிகை ஒரு பிரதி வந்தால், வீட்டில் உள்ள அனைவரும் அதற்காகக் காத்திருந்து, ஒருவர் படிக்கப் பிறர் கேட்டார்கள். தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்துப் பைண்டு செய்து, உறவினர்களுக்குள் சுற்றுக்கு விட்டார்கள். பாட்டியும் பேத்தியும் ஒருங்கே கேட்கப்போகும் கதை என்பதை எழுதியவரும் அறிந்திருந்தார். ஆதலால் பழைய வாரப்பத்திரிகைத் தொடர்களிலிருந்து தேடலைத் தொடங்குவது வீண்போகாது.

சாவியின் ‘வாஷிங்டனில் திருமணம்’ அப்படி ஆனந்த விகடனில் 1960களில் தொடராக வந்ததுதான். அமெரிக்கச் சீமாட்டி ஒருவர் தென்னிந்தியக் கல்யாணம் ஒன்றைத் தம் ஊரில் தம் செலவில் நடத்திப் பார்க்க ஆசைப்படுகிறார். சாஸ்திரிகளும், அப்பளம் இடும் பாட்டிமார்களும், சம்பந்தி வீட்டாரின் பிணக்குகளும் கடல் கடந்து போகின்றன. இரு தரப்பாரும் ஒருவரையொருவர் மதிப்பதால்தான் இந்தக் கதை இன்றும் வாடாமல் இருக்கிறது என்பது என் எண்ணம். இதுவரை இவ்வகை நாவலே படிக்காதவருக்கு இதைத்தான் முதலில் கொடுப்பேன். திருவண்ணாமலையில் வக்கீலாக இருந்த எஸ்.வி.வி. இன்னும் முந்தியவர், ‘உல்லாஸ வேளை’, ‘ராமமூர்த்தி’ போன்றவற்றில் கணவன் மனைவி பேச்சு அவ்வளவு இயல்பாக வரும். பாக்கியம் ராமசாமியின் கதைகளில் வரும் முதிய தம்பதி அப்புசாமியும் சீதாப்பாட்டியும் எனக்கும் பிடித்தவர்களே. எனினும் அங்கே சண்டையும் கேலியும் சற்றுக் காரமானவை, ஆகவே ஓர் அத்தியாயத்தை முன்கூட்டித் தனியே படித்துப் பார்த்துக்கொள்வது நல்லது.

தமிழோடு நிற்க வேண்டியதில்லை. வைக்கம் முகம்மது பஷீரின் ‘பாத்துமாவின் ஆடு’ மலையாளத்தில் 1959இல் வெளிவந்தது, தமிழிலும் கிடைக்கிறது. சொந்த வீட்டில் ஓய்வெடுத்துக்கொள்ள வந்த எழுத்தாளரைச் சுற்றித் தாயும் தம்பிமார்களும் தங்கைமார்களும் குழந்தைகளும் கோழிகளும் நிறைந்திருக்கிறார்கள். எல்லோருக்கும் அவரிடமிருந்து பணம் வேண்டும். தங்கையின் ஆடு அவருடைய புத்தகங்களையே தின்கிறது. அவரோ, புத்தகத்துக்கு வேறு பிரதிகள் உண்டு, கம்பளியை மட்டும் தின்னாதே என்று அதனிடம் கேட்டுக்கொள்கிறார். மனநலச் சிகிச்சை பெற்ற காலத்தில் எழுதிய கதை என்று பஷீரே சொல்லியிருக்கிறார். அவ்வளவு துன்பத்துக்கு நடுவில் இருந்துகொண்டு, பசியும் பற்றாக்குறையும் நிறைந்த ஒரு வீட்டை இத்தனை அன்போடு அவர் எழுதியிருப்பதை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு நிறைகிறது. ஆங்கிலத்தில் தடையின்றிப் படிப்பவர்களுக்கு ஆங்கில நகைச்சுவை எழுத்தாளர் பி.ஜி. வுட்ஹவுஸ் இருக்கிறார். 1938இல் வந்த ‘தி கோட் ஆஃப் தி வூஸ்டர்ஸ்’ ஒரு வெள்ளிப் பால்குவளையைத் திருடும் சிக்கலை வைத்தே முழு நாவலையும் நடத்திச் செல்கிறது.

ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். ஆபாசம் இல்லை என்பதனாலேயே ஒரு பழைய நூல் யாரையும் புண்படுத்தாது என்று ஆகிவிடாது. இத்தொடர்களில் பலவற்றின் உலகம் பெரும்பாலும் ஒரே சமூகத்தின் வீடுகளுக்குள் அடங்கியது. வேலைக்காரர்களையும் மனைவிமாரையும் பற்றிய சில கேலிகள் அன்றைய வாசகருக்கு உறுத்தாமல் போயிருக்கலாம், இன்று உறுத்துகின்றன. அத்தகைய இடம் வரும்போது நான் நிறுத்தி, இது தவறு என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டே மேலே படிக்கிறேன்.

தேவனின் நூல்களை அல்லயன்ஸ், கிழக்கு ஆகிய பதிப்பகங்கள் வெளியிட்டுள்ளன. கடையில் அகப்படாதவற்றை எழும்பூர் கன்னிமாரா நூலகத்திலோ, உங்கள் மாவட்ட மைய நூலகத்திலோ கேட்டுப் பாருங்கள். திருவல்லிக்கேணியின் பழைய புத்தகக் கடைகளில் எப்போதாவது பைண்டு செய்த தொடர்கதைத் தொகுதியே கிடைத்தால், விலை சற்றுக் கூடுதலானாலும் வாங்கிவிடுங்கள். மறுபதிப்புகள் சிலவற்றில் விடுபட்டுப்போன ஓவியர் கோபுலுவின் படங்கள் அவற்றில் அப்படியே இருக்கும். சாவியின் கல்யாணக் கூட்டத்தை அந்தப் படங்களோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.