தட்டின் மூலையில் எவ்வளவு வெளிச்சம்?

விளக்கொளியில் வளரும் ஒரே நாற்றுத் தட்டு, ஒரே நாளில் விதைத்த லெட்டூஸ் கீரை. நடுவில் இருந்த நாற்றுகள் குட்டையாக, அகன்ற இலைகளோடு நின்றன. மூலையில் இருந்தவை நூலாக நீண்டு சாய்ந்தன. மண்ணையும் தண்ணீரையும் சந்தேகித்து ஒரு வாரம் போய்விட்டது. தட்டு முழுவதும் ஒரே வெளிச்சமாகத்தான் என் கண்ணுக்குத் தெரிந்தது.

செல்பேசியில் லக்ஸ், அதாவது வெளிச்சத்தின் அளவைக் காட்டும் செயலியைப் போட்டேன். ஒளி உணரி திரையின் மேல்விளிம்பில் இருப்பதால், திரை விளக்கைப் பார்த்தபடி இலை உயரத்தில் கிடையாக வைக்க வேண்டும். சற்றுச் சாய்ந்தாலே எண் சரிகிறது. ஒன்பது இடங்களில் அளந்தேன். விளக்கு 30 செ.மீ. உயரத்தில் இருந்தபோது நடுவில் 14,000 லக்ஸ், மூலையில் 6,000. பாதிகூட இல்லை!

லக்ஸ் மனிதக் கண்ணுக்கான அளவு. பச்சை ஒளிக்கு அதில் மதிப்பு அதிகம். செடிக்கு வேண்டியதோ 400 முதல் 700 நானோமீட்டர் வரை அலைநீளமுள்ள ஃபோட்டான்களின் (ஒளித்துகள்களின்) எண்ணிக்கை. வெள்ளை எல்இடி விளக்கென்றால் லக்ஸை 70ஆல் வகுத்துத் தோராயமாக மைக்ரோமோல் (ஃபோட்டான்களை எண்ணும் அலகு; பத்து லட்சம் சேர்ந்தால் ஒரு மோல்) கணக்குக்கு வந்துவிடலாம். வெயிலுக்கு 54. அப்படிப் பார்த்தால் நடுவில் ஒரு சதுர மீட்டருக்கு நொடிக்கு 200 மைக்ரோமோல், மூலையில் 86. நாளுக்கு 16 மணி நேரம் எரிந்தால் மொத்தம் 11.5 மோலும் 5 மோலும். லெட்டூஸ் செழிக்க நாளுக்கு 12 மோலுக்கு மேல் தேவை. மூலை நாற்றுகள் பாவம், அரைப்பட்டினி கிடந்திருக்கின்றன.

விளக்கை 40 செ.மீ.க்கு உயர்த்தி, நான்கு பக்கமும் பளபளப்பில்லாத வெள்ளை அட்டை நிறுத்தினேன். நடு 11,200, மூலை 8,400. எரியும் நேரத்தை 18 மணியாக்கியதும் நடுவில் 10.4 மோல், மூலையில் 7.8. நடுவில் கொஞ்சம் இழந்தது உண்மை. ஆனாலும் தட்டு முழுவதும் ஒன்றுபோல வளர்வதையே நான் விரும்புகிறேன். புதிதாக விதைத்ததில் மூலை நாற்றுகள் பத்தாம் நாளிலும் நிமிர்ந்தே நிற்கின்றன. பார்க்கவே மகிழ்ச்சியாக இருக்கிறது.

ஊதா நிற விளக்கொன்றும் வைத்திருக்கிறேன். அதன் கீழ் செல்பேசி காட்டியது 2,100 லக்ஸ்தான், செடிகளோ திடமாக இருக்கின்றன. சிவப்பும் நீலமும் மட்டும் உள்ள ஒளியை லக்ஸ் மிகக் குறைத்துக் காட்டும்; 70 என்ற கணக்கு அங்கே செல்லாது. அதை அளக்க ஃபோட்டான்களையே எண்ணும் குவாண்டம் மீட்டரை நண்பரிடம் இரவல் கேட்டிருக்கிறேன்.