கொத்தமல்லியைச் சும்மா கேட்க மாட்டானாம்

"அம்மா, நான் அதைச் சொல்ல மாட்டேன்" என்றான் என் மகன். பெர்லினில், லாண்ட்வேர் கால்வாய் ஓரமாக நடக்கும் துருக்கிச் சந்தையில், தக்காளிக் கடைக்காரர் எங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும்போது. நான் கேட்கச் சொன்னது அப்படி ஒன்றும் பெரிய விஷயமில்லை. இரண்டு கிலோ தக்காளி வாங்குகிறோமே, கூட ஒரு கொத்து கொத்தமல்லி போடச் சொல்லு என்றேன், அவ்வளவுதான். ஒன்பது வயது. வீட்டில் தங்கையோடு சண்டை போடுவதே ஜெர்மனில்தான். ஆனால் அங்கே நன்றி மட்டும் சொல்லிவிட்டுப் பையை வாங்கிக்கொண்டு விறுவிறுவென்று நடந்துவிட்டான். எனக்கு வந்த கோபம் இருக்கிறதே!

காய் வாங்கிய கடையில் கொத்தமல்லிக்குத் தனியாகக் காசா? மதுரை மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் எங்கள் அம்மா எடை போட்டு முடித்த பிறகும் பையை விரித்தபடியேதான் நிற்பார். இரண்டு பச்சை மிளகாய், ஒரு துண்டு இஞ்சி, கறிவேப்பிலை எல்லாம் உள்ளே விழுந்தால்தான் வியாபாரம் முடிந்ததாக அர்த்தம். விலை படியவில்லை என்று நாலு எட்டு நடந்தால், "வாங்கக்கா, உங்களுக்கு இல்லாததா" என்று பின்னாலிருந்து குரல் வரும். இங்கே சூப்பர் மார்க்கெட்டில் கொத்தமல்லியைச் சின்னத் தொட்டியோடு விற்கிறார்கள். ரூபாயில் கணக்குப் போடாதே என்று வீட்டுக்காரர் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறார். யூரோவுக்கு நூறு ரூபாய் என்று மனசு தானாகப் பெருக்கினால் நான் என்ன செய்ய?

மற்றபடி இந்த ஊர் எனக்கு நன்றாகவே பழகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கடை இருக்காது என்று சனிக்கிழமையே எல்லாவற்றையும் வாங்கி வைத்துவிடுவேன். எந்தக் கடையில் எத்தனை மணிக்கு 30 சதவீதத் தள்ளுபடி ஸ்டிக்கர் ஒட்டுவார்கள் என்று என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஒருமுறை மட்டும் பயன்படுத்துகிற காலி பிளாஸ்டிக் பாட்டில்களைச் சேர்த்துவைத்து மெஷினில் போட்டால் ஒவ்வொன்றுக்கும் 25 சென்ட் திரும்பக் கிடைக்கும், 2003-லிருந்து இருக்கிற ஏற்பாடு. அதிலும் பையனோடு தகராறுதான். பூங்காவுக்குப் போனால் குடித்த பாட்டிலைக் குப்பைத்தொட்டிக்குப் பக்கத்திலேயே தரையில் வைத்துவிட்டு வருகிறான். பாட்டில் பொறுக்கிப் பிழைக்கிறவர்கள் குப்பைக்குள் கைவிடாமல் எடுத்துக்கொள்வார்களாம், இங்கே எல்லோரும் அப்படித்தான் செய்வார்களாம். அதைக் கேட்ட பிறகு திட்ட எனக்கு வாய் வரவில்லை. பழைய பேப்பர்காரர் ஞாபகம் வந்துவிட்டது. அம்மா தராசு முள்ளை விட்டுக் கண்ணை எடுக்காமல் அவரோடு அரை மணி நேரம் மல்லுக்கு நிற்பார். எல்லாம் பேசி முடித்ததும், வெயிலில் வந்திருக்கிறாரே என்று செம்பு நிறைய மோர் கொடுத்துத்தான் அனுப்புவார்.

அந்தத் துருக்கிச் சந்தை செவ்வாயும் வெள்ளியும் நடக்கும். சாயங்காலம் ஆறு மணிவாக்கில், கடை கட்டுகிற நேரத்தில் போக வேண்டும். "ஒரு யூரோ, ஒரு யூரோ" என்று கூவிக்கூவிப் பெட்டியோடு மாம்பழத்தைத் தள்ளிவிடுவார்கள், நமக்குத் தெரிந்த இரைச்சல் அது! எண்களும் 'இன்னும் கொஞ்சம்' என்பதும் ஜெர்மனில் எனக்கே வந்துவிட்டதால் இப்போதெல்லாம் பையனுடைய தயவு தேவையில்லை. கத்தரிக்காய் விற்கிற பெரியவர் ஒருவர் இருக்கிறார். நான் விலையைக் குறைத்துச் சொன்னால் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு சாய்வார். நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்புவேன், கூப்பிடுவார். கடைசியில் ஒரு கட்டுக் கீரையை மேலே வைத்து, சிரித்துக்கொண்டே கொடுப்பார். அந்த ஒரு கட்டுக்கு எனக்கு அந்த வாரமே நன்றாகிவிடும். பையன் மட்டும் எதிரே ஆலிவ் கடைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு நிற்பான், இந்த அம்மா யாரோ என்பதுபோல.

அப்புறம் அவன் பள்ளியில் பழைய பொருள் சந்தை வைத்தார்கள். பிள்ளைகளே முற்றத்தில் போர்வை விரித்து, தங்கள் பொம்மைகளையும் புத்தகங்களையும் விற்பார்கள். நம்மவன் போர்வைக்கு நடுவில், மதுரை புதுமண்டபத்துக் கடைகளில் என் அம்மா தேடித்தேடி வாங்கிக் கொடுத்த மரச் செப்புச் சாமான், அந்தச் சின்ன அம்மியும் குழவியும் ஆட்டுக்கல்லும் அப்படியே, இரண்டு யூரோ என்று அட்டை எழுதி வைத்திருந்தான். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஒரு ஜெர்மன் பாட்டி அதைக் கையில் எடுத்துப் பார்க்கிறார்! அவர் கீழே வைக்கிற வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உடனே உட்கார்ந்து, "இதை எடுத்து உள்ளே வைடா, ஆச்சி வாங்கினது" என்றேன். விற்பனைக்கு வைத்தாகிவிட்டதாம், எடுக்கக் கூடாதாம். சரி, ஒரு யூரோவுக்குக் கொடு என்றேன். "இரண்டு யூரோ" என்று அட்டையைக் காட்டினான். அம்மாடா நான் என்றேன். மறுபடியும் அட்டையைக் காட்டினான். பக்கத்துப் போர்வைப் பிள்ளைகள் எல்லாம் பார்க்கிறார்கள், இவன் அசையவே இல்லை. அசையாமல் உட்கார்ந்திருந்த அந்த நேரத்தில் அச்சு அசல் என் அம்மா.

இரண்டு யூரோவையும் கொடுத்து வாங்கிக்கொண்டேன். காசைச் சட்டைப் பையில் போட்டவன் நேராக அடுத்த போர்வைக்குப் போய், வால் உடைந்த டைனோசர் ஒன்றை, கேட்ட விலையை அப்படியே கொடுத்து வாங்கி வந்தான். இரண்டு யூரோ! எண்பது சென்டுக்குப் பேசி, கூட ஒரு கோலிக்குண்டும் வாங்கியிருக்கலாம்.